பிடியரிசியும் என் இரத்தசோகையும்

இதை எழுத வேண்டும் என்று மனதில் தோன்றி ஆறு வருஷம் ஆகிறது. மூன்று தடவை நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு தடவை நாலு வரி எழுதிக் கிழித்தேன். இன்னொரு தடவை ஒரு பக்கம் எழுதி, அதை அடுப்பில் போட்டேன். நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவள், அதுவும் மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுதக் கற்றது எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில்தான். எழுத்துப் பிழை வருமே என்ற பயம் உண்டு. ஆனால் தயங்கியதற்கு உண்மையான காரணம் அது இல்லை. ஆண்டவருக்கென்று எடுத்துவைத்த அரிசியை நான் திருடித் தின்ற காரியம் இதில் வருகிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் பாதி நோயை மறைத்தவள் ஆவேன். சேர்த்து எழுதினால் சபையில் எந்த முகத்தோடு போய் உட்காருவேன்? இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆறு வருஷம் போயிற்று.

என் பெயர் தங்கபாய். கேரள எல்லையில் பாறசாலையில் இருந்து வெள்ளறடை போகிற பஸ்ஸில் ஏறினால், பாதி வழியில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே மேடு ஏறி எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். என் வீட்டுக்காரர் ராஜையன், ரப்பர் வெட்டுகிற வேலை. எங்களுக்கு ஒரே மகள், ஷீபா. நான் சொல்லப்போகிற வருஷத்தில் அவள் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் அவருடைய அக்கா மேபல் மயினி. எங்கள் சபை மாதர் சங்கத்தின் செயலாளர் மயினிதான். குரல் பெரியது, மனசும் பெரியது. ஆனால் குரல்தான் எப்போதும் முதலில் வரும்.

பிடியரிசி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சோறு வைக்க அரிசி அளந்து எடுக்கும்போதெல்லாம், அதிலிருந்து ஒரு கைப்பிடியை ஜெபத்தோடு எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைப்போம். மாதக் கடைசி வியாழக்கிழமை சங்கம் கூடும்போது எல்லாருடைய டப்பாவும் சபைக்குப் போகும். கஷ்டப்படுகிற வீடுகளுக்கு அந்த அரிசி போய்ச் சேரும். எங்கள் பக்கத்து வீடுகளில் அதை வாங்கி, சாக்கில் சேர்த்துத் தலையில் சுமந்து கொண்டுபோகிற ஊழியம் என்னுடையது. பதினோரு வருஷம் செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

நோய் எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. வலி இருந்தால் ஆரம்பம் தெரியும். இது வெறும் சீணம், உடம்பு அசதி. முதலில் கிணற்றிலிருந்து குடத்தோடு மேடு ஏறும்போது ஒரு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. பிறகு இரண்டு இடம். பிறகு வெறுங்கையோடு ஏறினாலே நெஞ்சு அடிக்கிற சத்தம் காதில் கேட்டது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. வாயின் இரண்டு ஓரமும் வெடித்து, மீன்குழம்பு பட்டால் எரிந்தது. நகம் நடுவில் குழிந்து சின்ன கரண்டி மாதிரி ஆயிற்று. இவை எல்லாவற்றையும் நான் தனித்தனியாகத்தான் பார்த்தேன். முடிக்கு எண்ணெய், வாய்க்குத் தேன், சீணத்துக்கு வயசு. எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

ஆராதனையில் பிரசங்கம் தொடங்கினால் கண் தானாக மூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே இறங்கி வரும்போது எல்லார் முன்னாலும் மயினி கேட்டுவிட்டார்:

“எட்டி, போதகர் பேசியது உனக்குத் தாராட்டாக்கும்? அவரு மன்னிப்பைப் பத்தி சொல்லியாரு, நீ குறட்டை விட்டுப் பதிலு சொல்லிய.”

“குறட்டை ஒண்ணும் விடல்ல மயினி.”

“எனக்க காதுதான் குறட்டை விட்டுது, அப்படியா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று, சோம்பலை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று அழுதேன். சோம்பல் என்றே நம்பினேன்.

அரிசி ஆரம்பித்தது அந்த மழைக்காலத்தில். ஒரு நாள் காலையில் பிடியரிசி போட டப்பாவைத் திறந்தேன். உள்ளே இருந்து ஒரு மணம் வந்தது. அது என்ன மணம் என்று எழுதத் தெரியவில்லை. முதல் மழை விழுந்த மண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மணம். வாயில் தண்ணீர் ஊறிற்று. நாலு மணி எடுத்து வாயில் போட்டேன். கடித்தபோது உடம்பு முழுக்க ஒரு ஆறுதல் வந்தது. மறுநாள் ஒரு நுள்ளு. அடுத்த வாரம் ஒரு கைப்பிடி. அரிசி போட்ட கையே பிறகு எடுக்கவும் தொடங்கிற்று.

வீட்டு அரிசி இருக்கும்போது ஏன் டப்பா அரிசி என்று கேட்பீர்கள். நானும் என்னையே கேட்டேன். வீட்டில் இருந்தது ரேஷன் அரிசி. அதில் கை வைத்தால் அவருக்கோ பிள்ளைக்கோ கஞ்சி குறையும். டப்பா அரிசியை எடுத்தால் யாருக்கும் குறையாததுபோல ஒரு தோற்றம். ஆண்டவர் வந்து டப்பாவைத் திறந்து பார்க்கவா போகிறார்? பாவம் இப்படித்தான், நியாயம் பேசிக்கொண்டே உள்ளே வரும்.

குற்ற உணர்ச்சி தாங்காமல் வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் வைத்தேன். அன்று சாயங்காலம் வரை ஒன்றும் தின்பதில்லை, பச்சை அரிசி உட்பட. சாயங்காலம் பால் இல்லாத ஒரு கட்டன் சாயாவோடு முடிப்பேன். சனிக்கிழமை காலையில் கை தானாக டப்பாவுக்குப் போகும். அதனால் புதன்கிழமையும் உபவாசம் சேர்த்தேன். உபவாசம் கூடக்கூட உடம்பு தளர்ந்தது. உடம்பு தளரத் தளர அரிசி மேல் ஆசை கூடிற்று. ஆசை கூடினால் மறுபடி உபவாசம். செக்கில் கட்டின மாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தேன்.

மயினி ஒரு வியாழக்கிழமை என் டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“இதென்னடி, காத்து மாதிரி கெடக்கு? எலி கேறுதா?”

“எலியாக்கும் மயினி,” என்றேன்.

அதைக் கேட்டுக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் அன்றைக்கே பாறசாலைச் சந்தையில் ஒரு எலிப்பொறி வாங்கி வந்தார். தேங்காய்த் துண்டைச் சுட்டு, அதில் மாட்டி, டப்பாவின் பக்கத்தில் வைத்தார். தினமும் காலையில் ரப்பர் வெட்டிவிட்டு வந்ததும் முதலில் பொறியைத்தான் பார்ப்பார். இரண்டு வாரம் பார்த்தார்.

“இது படிச்ச எலியாக்கும் தங்கம்,” என்றார். “தேங்காயைத் திரும்பிப் பாக்கல்ல. அரிசி மட்டும் போவுது.”

நான் அடுப்பை ஊதுகிறவள்போலக் குனிந்துகொண்டேன்.

அடுத்த மாதக் கடைசி வியாழக்கிழமை, சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் சபைக் கோவிலின் படி ஏறினேன். மூன்றாவது படி நினைவிருக்கிறது. நாலாவது படி நினைவில்லை. கண் திறந்தபோது மயினியின் மடியில் தலை இருந்தது. சுற்றிலும் பிடியரிசி சிதறிக் கிடந்தது. பெண்கள் சிலர் அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மயினி பொறுக்கவில்லை. “எனக்க பிள்ளைக்கு என்னவோ ஆயிப்போச்சே” என்று அழுதுகொண்டிருந்தார். நான் கல்யாணமாகி வந்த பதினேழு வருஷத்தில் அவர் என்னைப் பிள்ளை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆட்டோவில் பாறசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த டாக்டர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைத் தாள்போல இருந்ததாம். உடனே நெய்யாற்றின்கரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

அங்கே விரலில் குத்தியும் கையில் குத்தியும் இரத்தம் எடுத்தார்கள். வராந்தாவில் நீண்ட பெஞ்சில் காத்திருந்தோம். என் வீட்டுக்காரர் சீட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், காற்றில் பறந்துவிடும்போல. பெயர் கூப்பிட்டதும் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் என்று ஒன்று உண்டு. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது அதுதான். நாம் இழுக்கிற மூச்சிலுள்ள பிராணவாயுவை உடம்பெல்லாம் சுமந்துகொண்டு போவதும் அதுதான். பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு நாலே முக்கால்.

“இதை வச்சு இவங்க எப்படி நடந்து வந்தாங்க?” என்று பெரிய டாக்டர் கேட்டார்.

“நடந்து மட்டுமில்ல சாரே, அரிசிச் சாக்கும் சுமந்தா,” என்றார் என் வீட்டுக்காரர்.

அன்றே வார்டில் படுக்க வைத்தார்கள். டாக்டர் நல்ல மனுஷன். மலையாளம் பேசுகிறவர், எங்கள் தமிழும் நன்றாகத் தெரியும். இரும்புச் சத்து தீர்ந்துபோய் வந்த இரத்தசோகை இது, இரத்த அணுக்கள் சின்னதாகவும் வெளுத்தும் இருக்கின்றன, ஆனால் இரும்பு எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்றார். மலத்தைப் பரிசோதித்துப் பார்த்தார்கள், புழு இல்லை. பிறகு, படிக்க வந்த இரண்டு பையன் டாக்டர்களும் என் வீட்டுக்காரரும் சுற்றி நிற்க, கேட்டார்:

“மாதவிலக்கு எப்படி? கூடுதல் போக்கு உண்டா?”

“எல்லாம் சரியாக்கும்,” என்றேன்.

சரியில்லை. மாதம் எட்டு ஒன்பது நாள் போகும். கட்டி கட்டியாகப் போகும். இரண்டு வருஷமாக அப்படித்தான். நாற்பதை நெருங்கினால் எல்லாப் பெண்களுக்கும் இதுதான் என்று நினைத்திருந்தேன். நினைக்காவிட்டாலும் நாலு ஆண்கள் முன்னால் அதை எப்படிச் சொல்வது? அரிசித் திருட்டை மறைத்தவளுக்கு இதை மறைக்கவா கஷ்டம்.

மூன்றாம் நாள் டாக்டர் என் வீட்டுக்காரரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்குப் பழம் உரித்துத் தந்ததில்லை. சுளையின் மேல் இருக்கிற வெள்ளை நாரைக்கூட ஒவ்வொன்றாக எடுத்தார். அந்த விரல்களில் ரப்பர் பால் கறை ஏறியிருந்தது.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணுமில்ல. ரத்தம் எங்க போவுதுன்னு தெரியல்லியாம். குடலுக்குள்ள வளர்ச்சி ஏதாவது உண்டான்னு பாக்கணுமாம். குழாய் விட்டுப் பாப்பாவளாம். திங்கக்கிழமை திருவனந்தபுரத்துக்குப் போணும்.”

வளர்ச்சி என்றால் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த வார்த்தையை நாங்கள் சொல்லவில்லை.

“ஷீபாவுக்குன்னு வச்சிருக்க அந்த மரச்சீனி நட்ட நிலத்துண்டு உண்டே,” என்றார், ஆரஞ்சைப் பார்த்தபடி. “அதை வித்திரலாம். நீ வெசனப்படாத. நீ இருந்தாப் போதும்.”

நான் மறைத்ததை ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிலம் விற்காமல் நிற்கும். என் வாய் திறக்கவில்லை. சுளையை வாயில் வைத்துத் தந்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கஞ்சி வைக்க வெளியே ஒரு கொட்டகை உண்டு. அவரவர் அரிசி கொண்டுவர வேண்டும். ஷீபா ஒரு துணிப்பையில் அரிசி கொண்டுவந்து என் கட்டிலின் அடியில் வைத்திருந்தாள். மறுநாள் மத்தியானம், அவர் சாயா குடிக்கப் போன நேரத்தில், என் கை அந்தப் பைக்குள் போயிற்று. போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு மென்றேன். சாகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே மென்றேன். அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

வார்டில் லீலாம்மா என்று ஒரு சிஸ்டர். நடந்து போனவர் நின்றார்.

“சேச்சி, வாயில என்ன?”

தலையை ஆட்டினேன்.

“ஒண்ணுமில்லன்னா கறுமுறுன்னு சத்தம் எங்கிருந்து? கையைத் திற.”

திறந்தேன். உள்ளங்கையில் வியர்வையோடு ஒட்டி அரிசி இருந்தது. எனக்கு அழுகை வெடித்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, எலி, பொறி, உபவாசம் எல்லாம். ஆண்டவருடைய அரிசியைத் தின்றதற்கு ஆண்டவர் தருகிற தண்டனை இது, என்னைத் திருவனந்தபுரம் அனுப்பி என்ன பிரயோஜனம் என்றேன்.

சிஸ்டர் சிரித்தார். பரிகாசமாக இல்லை. காணாமல்போன சாவி கிடைத்தவர்போலச் சிரித்தார். சிஸ்டர்மார் நோயாளியின் கட்டிலில் உட்கார மாட்டார்கள். அவர் உட்கார்ந்தார்.

“எனக்க பொன்னு சேச்சி, இது பாவமில்ல, சீக்காக்கும். இரும்பு குறைஞ்சவங்களுக்கு இப்படி ஆசை வரும். சிலபேரு பச்சரிசி திம்பாங்க. சிலபேரு மண்ணு, சாம்பல், சுட்ட ஓடு, சாக்பீஸ். டாக்டர் படிக்கிற புத்தகத்தில உண்டு இது. உங்களுக்க போதகர் வந்து திட்டினாலும் நிக்காது. இரும்பு உள்ள போனா நிக்கும்.”

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இனி ஒரு காரியம் கேக்கேன், ஆம்பிளைங்க யாரும் இல்ல. மாசத்தில எத்தனை நாளு?”

சொன்னேன். எத்தனை துணி, எவ்வளவு கட்டி, எல்லாம் சொன்னேன். அவர் எழுந்த வேகத்தில் கட்டில் ஆடிற்று.

டாக்டர் வந்தார். கோபப்படவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். கர்ப்பப்பையில் தசைக்கட்டி, ஒரு சின்ன நாரத்தங்காய் அளவு. கேன்சர் மாதிரி இல்லை, நிறையப் பெண்களுக்கு வருவது, இரத்தத்தைக் கூட்டிக்கொண்டு நிதானமாக ஆபரேஷன் செய்யலாம் என்றார். குழாய்ப் பரிசோதனை இப்போதைக்கு வேண்டாம், மருந்துக்கு இரத்தம் ஏறாவிட்டால் பார்க்கலாம் என்றார். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. அவர் சபையில்கூட வாய்விட்டு ஜெபிக்காதவர்.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அப்பம் அந்த எலி நீயாக்கும்?”

“ஆமா.”

“தேங்காய்க்குப் பதிலா அரிசி வச்சிருந்தா அண்ணைக்கே பிடிச்சிருப்பேனே பிள்ளே,” என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். எய்ட்ஸ் என்று பத்திரிகைகளில் எழுதத் தொடங்கியிருந்த காலம் அது. வெளி இரத்தம் வேண்டாம், சொந்த இரத்தம் போதும் என்று எங்கள் வீட்டில் பயந்தார்கள். எல்லா இரத்தத்தையும் பரிசோதித்துத்தான் ஏற்றுவோம் என்று டாக்டர் சொல்லியும் மயினிக்குச் சமாதானம் ஆகவில்லை. மறுநாள் காலையில் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“எடுங்க. எவ்வளவு வேணுமோ எடுங்க. நான் யானை மாதிரி இருக்கேன்.”

விரலில் குத்திப் பார்த்தார்கள். மயினிக்கு ஒன்பது. கொடுக்க முடியாது என்று சொல்லி, அவருக்கும் மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

“இதென்ன கூத்து? குடுக்க வந்தவளுக்கு மருந்தா? எனக்குச் சீணமே கெடையாது!”

“பழகிப்போச்சு அம்மச்சி,” என்றார் லீலாம்மா சிஸ்டர். “பையப் பையக் குறைஞ்சா உடம்பு பழகிக்கும். இந்தச் சேச்சியும் அப்படித்தான் நடந்துக்கிட்டு இருந்தாங்க.”

மயினி சத்தமில்லாமல் போய் ஜன்னல் பக்கம் நின்றார். பிறகு என் தலைமாட்டில் வந்து, “எட்டி, அண்ணைக்குக் குறட்டைன்னு சொன்னேனே,” என்று தொடங்கி, முடிக்காமல் என் தலைமுடியைக் கோதிவிட்டார்.

ஒரு பாட்டில் என் வீட்டுக்காரர் கொடுத்தார். இன்னொன்றைக் கொடுத்தது, அடுத்த கட்டிலில் கிடந்த அம்மாவின் மகன். பொழியூரில் கடலுக்குப் போகிறவர். எங்கள் சபையும் இல்லை, சொந்தமும் இல்லை. “நாளைக்குக் கடலுக்குப் போமாட்டேன், எடுத்துக்கங்க” என்று மட்டும் சொன்னார். அவருடைய பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். இன்றும் கடல் ஏறி பொழியூரில் வீடு இடிந்தது என்று செய்தி வந்தால், பெயர் தெரியாத அவருக்காக ஜெபிக்கிறேன்.

இரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறபோது நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சிஸ்டர் சொன்ன ஒரு வார்த்தை எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சாக்பீஸ்.

அதற்கு ஆறு மாதம் முன்னால் ஷீபாவின் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வகுப்பில் சாக்பீஸ் துண்டுகளை எடுத்துத் தின்கிறாள் என்றார். வீட்டுக்கு வந்து விளக்குமாற்று ஈர்க்கிலை எடுத்தேன். காலில் வரி வரியாகத் தடித்தது. அதோடு விடவில்லை. முழங்காலில் நிற்க வைத்து, ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அன்று காலையில் நான் டப்பா அரிசி தின்றிருந்தேன்.

டாக்டரிடம் அதையும் சொன்னேன். ஷீபாவுக்கும் இரத்தம் எடுத்தார்கள். பன்னிரண்டு இருந்தது. அப்பாடா என்றேன். டாக்டர் “நில்லுங்க” என்றார். இன்னும் கொஞ்சம் இரத்தம் எடுத்து, உடம்பில் இரும்பு இருப்பு எவ்வளவு என்று பார்க்கத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். முடிவு வர ஐந்து நாள் ஆயிற்று. வந்த அன்று அவர் சொன்னதை நான் அப்படியே மனதில் வைத்திருக்கிறேன்.

“பத்தாயம் தெரியுமில்லியா, நெல்லு போட்டு வைக்கிற பெட்டி? உடம்பிலயும் ஒரு பத்தாயம் உண்டு. இரும்பை அதிலதான் சேத்து வைக்கும். அடுக்களையில இருக்கிற பானைதான் ரத்தம். பானையில குறைஞ்சா பத்தாயத்தில இருந்து எடுக்கும். பத்தாயம் காலியான பிறகும் கொஞ்ச நாளு பானையில சோறு பொங்கும். வெளிய நிக்கிறவனுக்கு இந்த வீட்டில பஞ்சம்னு தெரியாது. மோளுக்கு இப்பம் அந்த நிலை. பானையில உண்டு, பத்தாயத்தில இல்ல. இது இரும்புக் குறைவு. ரத்தசோகைன்னு சொல்லமாட்டேன். ஆனா இதே சீணம், இதே சாக்பீஸ் ஆசை எல்லாம் இதிலயே வரலாம். விட்டா பானையும் காலியாவும். உங்களுக்குப் பானையும் காலி.”

“அப்பம் சீணம் வந்தா எல்லாருக்கும் இதுவா?” என்று கேட்டேன்.

“இல்ல. சீணத்துக்கு நூறு காரணம் உண்டு. தைராய்டு, சர்க்கரை, தூக்கமில்லாதது, மனவருத்தம். அதனாலதான் சொல்லுதேன், ரத்தம் பாக்காம நீங்களே இரும்பு மாத்திரை வாங்கித் தின்னக்கூடாது. கண்டுபிடிச்ச பிறகு தின்னணும்.”

அன்று சாயங்காலம் ஷீபாவைக் கட்டிலில் உட்கார வைத்து, பிடியரிசிக் கதையைச் சொன்னேன். அவள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். காலை இழுத்துக்கொண்டாள்.

“நீங்களும் தின்னீங்களா அம்மா?”

“தின்னேன் மக்கா.”

என் போர்வைக்குள் வந்து உட்கார்ந்தாள். “எது ருசி, அரிசியா சாக்பீஸா?”

“அரிசிதான்.”

“சாக்பீஸ்தான் அம்மா. மஞ்ச சாக்பீஸ்.”

இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் சிரித்தோம். அழுதோம் என்றும் சொல்லலாம்.

போதகர் பார்க்க வந்தபோது அரிசிக் காரியத்தை அவரிடமும் அறிக்கையிட்டேன். “பிடியரிசி பசியுள்ள வீட்டுக்குத்தானே போவுது? இந்தத் தடவை நேரா போயிருக்கு,” என்றார். டாக்டர் சரி என்று சொல்லும் வரை உபவாசம் வேண்டாம் என்று ஜெபித்துவிட்டுப் போனார்.

பதினொன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்காக நான் செய்த தப்பையும் எழுதுகிறேன். முதல் மாதம் மாத்திரையைச் சாயாவோடு விழுங்கினேன். சாயா இரும்பை உடம்பில் சேரவிடாதாம். ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று மறு தடவை போனபோது டாக்டர் சொன்னார். பிறகு எலுமிச்சம்பழத் தண்ணீரோடு சாப்பிட்டேன். ஒரு நாள் மலம் கறுப்பாகப் போயிற்று. உள்ளே இரத்தம் கசிகிறது என்று அலறி, என் வீட்டுக்காரரை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடவிட்டேன். மாத்திரை சாப்பிட்டால் கறுப்பாகத்தான் போகும் என்று லீலாம்மா சிஸ்டர் போனில் சிரித்தார். ஆனால் மாத்திரை சாப்பிடாதவர்களுக்குக் கறுப்பாகப் போனால் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்றும் சொன்னார்.

இரத்தம் முழுதும் ஏற மாதங்கள் ஆயின. ஏறின பிறகும் பத்தாயம் நிறைய இன்னும் மூன்று மாதம் டாக்டர் மாத்திரை தந்தார். அடுத்த வருஷம் ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆண்டவர் கூட இருந்தார். ஆனால் அரிசி ஆசை இரத்தம் ஏறும் வரை காத்திருக்கவில்லை. இரண்டே வாரத்தில் போயிற்று. ஒரு காலையில் டப்பாவைத் திறந்து பிடி போட்டேன். மூடினேன். முற்றத்துக்கு வந்த பிறகுதான், ஒன்றும் மணக்கவில்லையே என்று நினைவு வந்தது. திரும்பப் போய் முகர்ந்து பார்த்தேன். வெறும் அரிசி.

மாதக் கடைசியில் மயினி என் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். கனத்தில் கை தாழ்ந்தது.

“எலி செத்துப்போச்சா?”

“செத்துப்போச்சு மயினி.”

“எனக்கதும் செத்துப்போச்சு,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மாத்திரை டப்பியை மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். அவருடைய எலி எது என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவு காலம் கழித்து இப்போது எழுதக் காரணம் ஒன்று உண்டு. போன மாதம் சங்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது. தாடை அசைந்துகொண்டிருந்தது. அந்த அசைவை எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் தனியே கூப்பிட்டு, கண் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தாள். “மாமி, யாரிட்டயும் சொல்லிராதீங்க, நான் திருடியில்ல” என்று என் கையைப் பிடித்துக்கொண்டது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் போகும்போது என் கதையை அதற்குச் சொன்னேன். பாதி வழியில் என் தோளில் சாய்ந்தது. அன்று இரவே நோட்டை எடுத்துவிட்டேன். இந்தத் தடவை கிழிக்கவில்லை.

இதைப் படிக்கிற சகோதரிகளிடம் ஒரு விண்ணப்பம். இதை உங்கள் சங்கத்தில் வாசியுங்கள், எழுதி எடுத்து அடுத்த ஊருக்குக் கொடுங்கள், எந்தச் சபையானாலும் எந்தக் கோவிலானாலும் சரி. ஆனால் ஒன்றையும் மாற்றாதீர்கள். மாதவிலக்கைப் பற்றின வரியை நாகரிகம் கருதி விட்டுவிடாதீர்கள். என் பெயரை எடுத்துவிட்டு “ஒரு சகோதரி” என்று போடாதீர்கள். அரிசி தின்ற இடம் வரும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள். கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் அது கேட்க வேண்டும்.